அரிசி மூட்டையும் தானிய மூட்டையும்

அரிசி ஒரு தானியம் என்றால் அரிசி மூட்டையும் தானிய மூட்டைதானே? ஜாவாவின் கம்பைலர் இல்லை என்கிறது. 'அரிசி' என்ற கிளாஸ் 'தானியம்' என்ற கிளாஸிலிருந்து பிறந்திருந்தாலும், தானியத்தின் லிஸ்ட் கேட்கும் இடத்தில் அரிசியின் லிஸ்ட்டைக் கொடுக்க முடியாது. மரபுரிமம் கற்றவர்கள் ஜெனரிக்கில் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கம்பைலர் வீண்பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நியாயம் அதன் பக்கம். தானிய மூட்டையில் எந்தத் தானியத்தையும் கொட்டலாம். அரிசி மூட்டையை அப்படிக் கைமாற்றிவிட்டால் யாராவது அதில் கேழ்வரகைக் கொட்டுவார்கள். அதைக் கொடுத்தவரோ உள்ளே இருப்பது அரிசி மட்டுமே என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இந்தத் தவறு ஜாவாவிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1996-இல் வந்த முதல் பதிப்பில் ஜெனரிக் கிடையாது. எல்லா வகை அரேக்களையும் ஒரே மெத்தடால் கையாள வேண்டும் என்பதற்காக, ஸ்ட்ரிங் அரேயை ஆப்ஜெக்ட் அரேயாக நடத்தும் சலுகையைக் கொடுத்தார்கள். அதற்குள் ஓர் இன்டீஜரை வைத்தால் கம்பைலர் பேசாமல் விட்டுவிடும். நிரல் ஓடும்போதுதான் 'அரே ஸ்டோர் எக்ஸப்ஷன்' வந்து நிற்கும். அந்த அளவுக்காவது பிடிபடக் காரணம், தான் எந்த வகை அரே என்பது அரேக்கு ஓடும்போதும் தெரியும் என்பது. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஜெனரிக்குக்கு அந்த வசதி இல்லை. பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக, கம்பைல் ஆனதும் வகைத் தகவலை அழித்துவிடும்படி அமைத்தார்கள். மூட்டையின் சீட்டு கிழிக்கப்பட்ட பிறகு கேழ்வரகைத் தடுக்க யாரும் இல்லை. ஆகவே கம்பைலரின் கண்டிப்பு ஒன்றே காவல்.

நான் எடைதான் போடப்போகிறேன், எதையும் கொட்டப்போவதில்லை, எனக்கு ஏன் தடை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்காகத்தான் 'எக்ஸ்டெண்ட்ஸ்' சேர்ந்த வைல்டுகார்டு இருக்கிறது. எந்தத் தானியத்தின் லிஸ்ட்டும் வரலாம். ஆனால் வந்தபின் அதில் எதையும் சேர்க்க முடியாது. அரிசியைக் கொட்ட மட்டும் விரும்புபவருக்கு 'சூப்பர்': அரிசி மூட்டையும் சரி, பொதுத் தானிய மூட்டையும் சரி. எடுக்க எக்ஸ்டெண்ட்ஸ், இட சூப்பர் என்ற இந்த விதியைத்தான் ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' நூலில் வலியுறுத்தினார். பரம்பரைப் படத்தை வரைந்து காட்டியதோடு பாடத்தை முடித்துவிடும் வகுப்புகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. அப்படிப் படித்தவர்கள் தடை வந்ததும் வகைக் குறிப்பையே நீக்கிவிட்டு, கம்பைலரின் எச்சரிக்கையையும் அடக்கிவிடுகிறார்கள். பிழை அப்போது, கேழ்வரகைக் கொட்டிய வரியில் தெரியாது. வெகுதொலைவில், வேறொருவர் எழுதிய ஒழுங்கான நிரல் அரிசி என்று நம்பி எடுக்கும் வரியில்தான் வெடிக்கும்.