தூண்டில் வளைவுக் கல்லுக்கு வயது என்ன?

எண்ணூர்க் கடலோரம் தூண்டில் வளைவுக்குக் கொட்டிய கருங்கல்லுக்கு என்ன வயது இருக்கும் என்று எர்ணாவூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். எந்தக் குவாரிக் கல் என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. சென்னையின் சொந்தப் பாறையைப் பற்றிச் சொல்லலாம். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் உள்ள சார்னோகைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையது. பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான பாறை அது. இன்று நம் கால்மட்டத்தில் கிடக்கிறது என்றால், அதன் தலைக்கு மேலிருந்த பாறை அத்தனையும் தேய்ந்து போயிருக்கிறது.

காலத்தைக் குறித்து வைத்திருப்பது சிர்க்கான் என்ற கனிமத் துகள். மிகப் பொடியாக இருக்கும். படிகமாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்; ஈயத்தை ஏறக்குறைய அண்டவிடாது. ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு 70 கோடி. ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

எனக்குப் பெருவியப்பு சிர்க்கானின் அடுக்குகள்தான். பாறை மறுபடி வெந்தால் பழைய கருவின் மேல் புதுத் தோல் வளரும். காசிமேட்டில் பழைய படகைச் சுரண்டும்போது சாயத்துக்கு அடியில் சாயம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் இதுவும். எலக்ட்ரான் கற்றையில் வளையங்கள் ஒளிரும். லேசரால் தலைமுடியைவிட மெல்லிய குழி போட்டு, கருவுக்கும் தோலுக்கும் தனித்தனியே வயது கணிக்கிறார்கள். மதுரைப் பக்கத்துப் பாறைகளில் கரு மிகப் பழையதாக இருக்க, தோல் சுமார் 55 கோடி ஆண்டு என்கிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம் அது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அதே காலத்தின் தடயம் உண்டு. பாலக்காடு - காவிரிப் பாறைப் பிளவுப் பட்டைக்கு வடக்கே ஒரு மலையாக்கம், தெற்கே கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டு பிந்தி இன்னொன்று. பாறையிலுள்ள கார்னெட் என்ற கனிமம் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும். சிர்க்கான் எப்போது என்று சொல்லும்.

பாறையை ஜல்லியாக உடைத்தாலும் துகளின் வயது அழியாது. அது எந்தக் குன்றில், எந்தப் பாறையை ஒட்டி இருந்தது என்ற உறவு அழிந்துவிடும். அந்த உறவு போனபின் வயது வெறும் எண். பல்லாவரம், திரிசூலம் பக்கம் அப்படி நிறைய இழந்துவிட்டோம். பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வடசென்னைப் பள்ளி ஆசிரியர்களே, கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயில் ஏறினால் பரங்கிமலையில் இறங்கலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் சென்று அந்தப் பாறையைத் தொட்டுப் பார்க்க வையுங்கள்.