கடலடி அரண்மனைக்குப் போன மீனவன்

எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் ஜப்பானிய மாங்கா சித்திரக்கதை ‘ஒன் பீஸ்’. அதில் கடலுக்கு அடியே 10,000 மீட்டர் ஆழத்தில் மீன்மனிதர் தீவு ஒன்று வருகிறது. அங்குள்ள அரண்மனையின் பெயர் ரியூகு. மறைந்த அரசியின் பெயர் ஒட்டோஹிமே. ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். இரண்டும் உராஷிமா தாரோ என்ற மீனவனின் கதையில் வருபவை.

ஆமை ஒன்றைக் காப்பாற்றியதற்காகக் கடலடி அரண்மனையில் அவனுக்கு விருந்து. சில காலம் தங்கிவிட்டு ஊர் திரும்பினால், கரையில் முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன! திறக்காதே என்று அரண்மனை இளவரசி ஒட்டோஹிமே தந்தனுப்பிய பெட்டியைத் திறக்கிறான். அந்த நொடியே கிழவனாகிறான். 720-இல் முடிந்த ‘நிஹோன் ஷோகி’ வரலாற்று நூலிலேயே அவனைப் பற்றிய குறிப்பு உண்டு.

ஓடா அந்தத் திடீர் முதுமையை வில்லன்கள் தலையில் கட்டிவிட்டார். பலம் கூட்டும் மாத்திரைகளை அள்ளி விழுங்கிய ஹோடி ஜோன்ஸ் கும்பல், கடைசியில் நரைத்துத் தளர்ந்துபோகிறது. நல்ல குறும்பு!

ஐரோப்பாவையும் அவர் விடவில்லை. மீன்மனிதர் தீவின் அரசர் நெப்டியூன், ரோமானியக் கடல்தெய்வத்தின் பெயர்கொண்டவர். அத்தீவின் இளவரசியைத் துரத்தும் வான்டர் டெக்கனோ, கரைசேர முடியாத ‘பறக்கும் டச்சுக்காரன்’ பேய்க்கப்பலின் தலைவனுடைய வாரிசு.