உஷார்! ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரைப் போடாதீர்கள்

இலவசம் என்கிறதா திரை? கையை எடுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஓர் அம்மா. மகனுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் ஆப். ஒரு வாரம் இலவசம், சரிபார்க்க ஒரு ரூபாய் மட்டும் என்றது. யுபிஐ பின்னைத் தட்டிவிட்டார். பையனுக்கு அலுத்துப்போனதும் ஆப்பை அழித்தும் விட்டார். ஆனால் மாதாமாதம் 499 ரூபாய் போய்க்கொண்டே இருந்தது! பணம் எடுப்பதற்கு முந்தின நாளே எஸ்எம்எஸ் வரும். விளம்பரம் என்று தள்ளிவிடுவார். சிலிண்டர் வந்த அன்று கணக்கில் பணமில்லை. அப்போதுதான் விஷயமே தெரிந்தது. போன் செய்து சண்டை போட்டால், “நீங்கதானே மேடம் சம்மதம் கொடுத்தீங்க?” என்று கேட்டார்கள்.

அழிந்தது ஆப். ஒப்பந்தம் அழியவில்லை.

அவர் பின் போட்டது ஆட்டோபேவுக்கு. ஒருமுறை போட்டால் போதும்; பிறகு ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே எடுக்கலாம்.

கையெழுத்தே போடவில்லையே என்பீர்கள். விரல் பட்டாலே போட்ட மாதிரிதான். மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. 2010இல் ட்ரைமெக்ஸ்–வேதாந்தா வழக்கில், மின்னஞ்சலில் பேசி முடித்ததே ஒப்பந்தம் என்றது உச்ச நீதிமன்றம். கப்பல் கப்பலாகப் பாக்சைட் வாங்கும் கம்பெனிக்கே அந்தக் கதி!

வெளிநாட்டில் எப்படி என்று நம் ஊர் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். பிரான்சில் ஆர்டரையும் மொத்த விலையையும் காட்டி, திருத்த இடம் கொடுத்து, அப்புறம்தான் உறுதி கேட்க வேண்டும். 2004இல் வந்த சட்டம். இரட்டைக் கிளிக் என்பார்கள். இங்கே அந்த இரண்டாவது பார்வையை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைக் கண்டால் நிற்க வேண்டும்? கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறதா? 2020இல் வந்த மின்வணிக விதிப்படி அது தப்பு. “இன்னும் இரண்டே நிமிடம்” என்று கடிகாரம் ஓடுகிறதா? கேட்காத இன்சூரன்ஸ் பில்லில் ஏறியிருக்கிறதா? ‘சரி’ பளிச்சென்று, ‘வேண்டாம்’ மங்கலாகப் பொடி எழுத்தில் இருக்கிறதா? சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டா? இப்படி 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய அரசு தடுத்தது. தடை வந்தும் திரையில் இவை குறையக் காணோம்.

இன்றைக்கே உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் ரத்து செய்யுங்கள். பணம் திரும்ப வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அப்பட்டமான மோசடி என்றால் 1930; அதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.