சைவ மீனுக்கு ஒரு இலைச் சாப்பாடு!

'மீன் சைவமா, அசைவமா?' என்று கேட்டால், 'என்னய்யா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா...' என்று முறைப்பீர்கள். நம் தட்டுக்கு வந்துவிட்டால் எல்லா மீனும் அசைவம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், தண்ணீருக்குள் இருக்கிறவரை அதில் ஒரு கோஷ்டி கிட்டத்தட்ட சைவம். காலையில் பாசி, மத்தியானம் பாசி, சாயங்காலம் டிபனுக்கும் பாசி!

இந்தக் கோஷ்டியைப் பார்க்க பழவேற்காட்டுக்குப் போகலாம். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஆழம் குறைவு என்பதால் வெயில் அடிவரைக்கும் இறங்கும். வெயில் இறங்கினால் பாசிக்குக் கேட்க வேண்டுமா?

குப்பத்தில் கரை சேருகிற கூடைகளை எட்டிப் பாருங்கள். மடவை கிடக்கும். சேற்றோடு பாசியை உறிஞ்சி, கோழிக்கு இருப்பதுபோன்ற இரைப்பையில் அரைத்துத் தின்கிற ஆசாமி. வாயில் பல்லே இல்லாத பால்மீன் இருக்கும். மலையாளிகள் 'கரிமீன்' என்று உருகுவார்களே, அதுவும் இந்த ஏரியில் உண்டு. நூல்நூலாக வளர்கிற பாசி என்றால் அதற்கு உயிர். வலையில் சிக்குகிற இன்னொருத்தர் ஓரா. 'முயல் மீன்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். வாயும் முயல், மேய்ச்சலும் முயல். ஆனால், பிடிக்கிறவர் ஜாக்கிரதை. உடம்பில் 24 விஷ முள். குத்தினால் ஆளைச் சுருட்டிப் போடுகிற வலி!

ஓராவின் பசியைப் பற்றி ராமநாதபுரம் கடலோரத்தில் கேட்க வேண்டும். அங்கே 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டி கடல்பாசி வளர்க்கிறார்கள். 45 நாளில் அறுவடை. மிதவைக்கு அடியில் ஒரு வலை கட்டியிருக்கும். மீன் பிடிக்கவா? இல்லை சார், மீன் வராமல் இருக்க! ஓரா கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டால் 45 நாள் பாடு அம்போ. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள் அல்லவா? செங்கடலில் இருந்த இதன் சொந்தக்காரர்கள் அந்த வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், துருக்கிக் கரையில் பாறைகளை மொட்டையடித்து வைத்திருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட பசிக்காரரைத்தான் நம்ம பசங்க கண்ணாடித் தொட்டிக்குள் கூட்டி வருகிறார்கள். உப்புத் தண்ணீர் தொட்டி வைக்கிறவர்கள் ஆசைப்பட்டு வாங்குகிற 'ஃபாக்ஸ்ஃபேஸ்' என்கிற மஞ்சள் மீன், சாட்சாத் நம் ஓராவின் ஒன்றுவிட்ட தம்பி. அடுத்தது 'டாங்'. வாலடியில் கத்தி இருப்பதால் இதற்கு 'சர்ஜன் மீன்' என்றும் பெயர். (தமிழில் 'அறுவை மீன்' என்றால் அர்த்தமே மாறிவிடும்!)

பிரச்னை இங்கேதான். இறால் துண்டைப் போட்டால் இதுகளும் தின்னும். 'அட, சாப்பிடுதே' என்று நாம் சந்தோஷமாக ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறோம். வேட்டை மீன் மாதச் சம்பளக்காரன் மாதிரி. ஒரே அடியாக வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். மேய்ச்சல் மீனோ அன்றாடங்காய்ச்சி. பாசியில் தண்ணீர் அதிகம், சத்து குறைவு. நாள் முழுக்க மேய்ந்தால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். குடலும் அதற்கேற்ற நீளம். காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை தீனி என்றால், சில வாரங்களில் நிறம் மங்கி, முதுகு மெலிந்து, வயிறு உள்ளே ஒட்டிவிடும். பட்டினிச் சாவுதான், நம் கண் முன்னாலேயே.

வைத்தியம் ரொம்ப சுலபம். காய்ந்த கடல்பாசி. ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுருட்டிச் சாப்பிடுகிற 'நோரி' தாள் போதும். எண்ணெய், உப்பு, மசாலா தடவாததாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாசியின் வாழ்க்கையில் ஒரு பகுதி சிப்பி ஓட்டுக்குள் ஒளிந்து நடக்கிறது என்று 1949-ல் கண்டு சொன்னவர், கேத்லீன் ட்ரூ என்ற இங்கிலாந்துப் பெண்மணி. அதற்கப்புறம்தான் ஜப்பானில் நோரி சாகுபடி நிலைத்தது. ஜப்பானுக்கே போகாத அவருக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது.

ஒரு துண்டு கிழித்து, கண்ணாடியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டுங்கள். புது மீன் கிளிப்பைப் பார்த்து மிரண்டால், ரப்பர் பேண்டால் ஒரு கல்லில் கட்டிப் போடுங்கள். மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஊறி அழுகினால் தண்ணீர் கெடும். டாங் ஒரு சண்டைக்கோழி. அதனால் இரண்டு மூலையில் இரண்டு கிளிப் நல்லது. பழவேற்காட்டில் யார், எந்த நாள், எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வதை 'பாடு' என்பார்கள். தொட்டிக்குள்ளும் ஒரு பாடு இருந்தால் சண்டை குறையும்.

இன்னொன்று, காசு மிச்சம் என்று கரையில் ஒதுங்கிய பாசியைப் பொறுக்கி வந்து போடாதீர்கள். எண்ணூரில் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் கொட்டிய கதை ஞாபகம் இருக்கட்டும்.

தொட்டிக்கு நாம் மோட்டார் போடுகிறோம், உப்பு கரைக்கிறோம், இலை மாட்டுகிறோம். பழவேற்காட்டு ஏரிக்கு இருக்கிற ஒரே மோட்டார், கடலோடு சேருகிற முகத்துவாரம்தான். மணல் அதை அடைத்தால் கடல் தண்ணீர் வராது, மீன் குஞ்சு வராது, இறால் குஞ்சு வராது. கோடையில் இருக்கிற தண்ணீரும் வற்றி ஒரே உப்பாகிவிடும். குப்பத்து ஜனங்களே மண்வெட்டியோடு இறங்கி மணலை வெட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. மடவைக்கு அங்கே பந்தி நடந்தால்தான் இவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

தொட்டி வாங்குகிற எண்ணமிருந்தால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய், ஒரு மீன் நாள் முழுக்க எப்படி மேய்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் கடைக்குப் போய், 'என்ன விலை?' என்று கேட்பதற்கு முன்னால், 'இது என்ன சாப்பிடும்?' என்று கேளுங்கள். 'எல்லாம் சாப்பிடும் சார்' என்று பதில் வந்தால், பர்ஸை உள்ளே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!