தண்டனை முடிந்துவிட்டது, தகுதி வந்துவிட்டதா?

டாக்டர் தப்புப் பண்ணிவிட்டார் என்று யாராவது வருத்தப்பட்டால், "கேஸ் போடுங்க சார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்த கேஸ்? நஷ்டஈடு கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. குற்ற வழக்கு என்றால் போலீஸ், கோர்ட்டு. ஆனால் "இவர் தொடர்ந்து வைத்தியம் பார்க்கலாமா?" என்று கேட்கும் வேலை மாநில மருத்துவ கவுன்சிலுடையது. நான் இங்கே சொல்ல வருவது அதைப் பற்றித்தான்.

வெளி மாநிலத்தில் வாழும் நாம், டாக்டரின் பெயர் எந்தக் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலேயே போடவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அவை கையில் இல்லாமல் புகார் எழுதுவது பாதி வேலைதான்.

கவுன்சில் டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்கும். அவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். குற்றம் உறுதியானால், பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலத்துக்கோ அடியோடோ நீக்கலாம். சில காலம் என்றால், கெடு முடிந்ததும் பெயரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிடலாம். அந்த இடைவெளியில் மனிதர் எதைத் திருத்திக்கொண்டார் என்று சோதித்துப் பார்க்க அந்த விதியில் வழி சொல்லவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது.

நம் டாக்டர்கள் ஏராளமாக வேலை பார்க்கும் பிரிட்டனில் கேள்வியே வேறு. புகாரைத் துருவி வழக்கு நடத்துவது பொது மருத்துவ கவுன்சில். தீர்ப்புச் சொல்வது 2012 முதல் மான்செஸ்டரில் தனித்து இயங்கும் தீர்ப்பாயம். நடந்தது உண்மையா, அது ஒழுங்கீனமா என்று பார்த்த பிறகு, இன்றைய தேதியில் இவர் தகுதியானவரா என்று அது கேட்கும். தவறை உணர்ந்தாரா? பயிற்சி பெற்றாரா? மறுபடி நடக்குமா? மருந்தின் அளவில் பிழை செய்தவர், திருந்திவிட்டதை வேலையில் காட்டிவிடலாம். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர் எப்படிக் காட்டுவார்? ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் நேர்மை வந்துவிடுமா என்ன!

அங்கே தற்காலிக நீக்கம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 மாதம். அது முடியுமுன் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டிருந்தால், திருந்தியதை டாக்டர்தான் காட்டியாக வேண்டும். பெயரே அழிக்கப்பட்டவர், சாதாரணமாக 5 ஆண்டு கழித்துத்தான் திரும்ப விண்ணப்பிக்கலாம். வக்கீல் எழுதிக் கொடுத்த வருத்தத்தை ஒப்பிக்கிறவர்கள் அங்கேயும் இருக்கக்கூடும். ஆனாலும் கேட்கிறார்களே!

இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. 2002 விதிகளில் பின்னர் சேர்த்த ஒரு பிரிவு, கவுன்சில் முடிவில் திருப்தியில்லாத புகார்தாரரும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது. 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவோ, அந்த உரிமையை மருத்துவருக்கு என்று மட்டும் எழுதியது. நோயாளியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.