யாருக்கு எந்தப் பூ?



பூ இல்லாமல் நம் ஊர்களில் எந்த நிகழ்ச்சி நடக்கிறது? திருமுழுக்கு என்றால் பூ, புதுநன்மை என்றால் பூ, திருமணம் என்றால் மாலை, இறப்பு என்றாலும் மாலை. முழக் கணக்கிலும் கிலோ கணக்கிலும் வாங்குகிறோம். ஆனால் யாருக்கு, எப்போது, எந்தப் பூவைக் கொடுப்பது பொருத்தம் என்று சற்று நின்று யோசித்திருக்கிறோமா?

தமிழர் பூவை வெறும் அலங்காரமாகப் பார்த்தவர்கள் அல்லர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கே பூவின் பெயரை வைத்தார்கள். போருக்குப் போகிறவன் சூடியது ஒரு பூ, வென்று வந்தவன் சூடியது வேறு பூ. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மட்டும் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. எந்த நேரத்துக்கு எந்தப் பூ என்பது ஒரு மொழியாகவே இருந்தது.

நம் மேற்கு மலையைப் பாருங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் மூணாறு மலைகளில் பூத்தது. பறிக்காமல் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய பூ அது. ஏலத்தோட்டத்தில் தூரடியில் மலர்கிற சின்ன வெள்ளைப் பூவையும் யாரும் பறிப்பதில்லை. உதட்டில் ஊதா வரிகள் ஓடும் அந்தப் பூவில் தேனீ வந்து அமர்ந்தால்தான் காய் பிடிக்கும்; அந்தக் காய்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. ஆகவே எல்லாப் பூவும் பறித்துக் கொடுப்பதற்கு அல்ல என்பதே முதல் பாடம்.

திருமணத்துக்கு மல்லிகை, ரோஜா, சம்பங்கி என்பது நம் வழக்கம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு ஈடில்லைதான். ஆனால் தவக்காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று நம் திருமணங்கள் பல சனவரி மாதத்தில் குவிகின்றன. அப்போது பனியில் மல்லிகை விளைச்சல் குறைந்து, விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. கடன் வாங்கி மல்லிகைப் பந்தல் போட வேண்டுமா? செவ்வந்தியும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் சேர்ந்தால் மாலைக்கு அழகும் மணமும் வந்துவிடும். மணம் இல்லாவிட்டாலும் கனகாம்பரம் சீக்கிரம் வாடாது. தொலைவிலிருந்து வரும் உறவினருக்கு அது ஏற்றது. மல்லிகை விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அன்று மாலையில்தான் விரியும். எனவே மாலை நேர வரவேற்புக்கு அன்று காலை பறித்த பூவை வாங்குவதே நல்லது.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது கவனம் தேவை. நமக்கு இனிக்கும் மல்லிகை மணம், குமட்டலோடு படுத்திருப்பவருக்குத் தொல்லையாகலாம். மூச்சுத்திணறல் உள்ளவருக்கு மகரந்தம் ஆகாது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பொதுவாகப் பூவை அனுமதிப்பதும் இல்லை. வீட்டில் தேறி வருபவருக்கு மணம் குறைந்த ஓரிரு ரோஜாக்கள் போதும். அதைவிட, அருகில் அமர்ந்து பேசும் அரை மணி நேரம் மேலானது.

அரளியைப் பற்றியும் ஒரு சொல். மாலை கட்ட எளிது, விலையும் குறைவு. ஆனால் அந்தச் செடியின் எல்லாப் பகுதியும் நச்சு. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். வாடிய அரளி மாலையை ஆடு மாடு மேயும் இடத்தில் எறியவும் வேண்டாம்.

இறப்பு வீட்டில் என்ன நடக்கிறது? மாலைக்கு மேல் மாலை விழுகிறது. சிறிது நேரத்தில் அவை ஒரு மூலையில் குவிகின்றன. அடக்கம் முடிந்தபின் கல்லறையோரம் அழுகுகின்றன. அன்பியத்தின் பெயரில் ஒரே ஒரு மாலையை வைத்துவிட்டு, மீதிப் பணத்தை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! அப்படியானால் பூவே வீண் செலவா என்று கேட்கலாம். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசியபோதும் இதே கேள்வி எழுந்தது. அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றார் யூதாசு. ஆண்டவரோ அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். அன்பின் அடையாளம் வீணல்ல. அடையாளத்தின் பெயரில் நடக்கும் போட்டிதான் வீண்.

ஆலயத்துக்கும் முறை உண்டு. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 305-ஆம் எண்ணில், மலர் அலங்காரம் அளவோடு இருக்க வேண்டும் என்றும், மலர்களைப் பீடத்தின் மேல் வைப்பதைவிடப் பீடத்தைச் சுற்றி வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. திருவருகைக் காலத்தில் அடக்கமான அலங்காரம் போதும். தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பது இல்லை. தவக்கால 4-ஆம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. நாற்பது நாள் பூவின்றி இருந்தால்தான் உயிர்ப்புப் பெருவிழாவின் பூ நம்மோடு பேசும்.

இனி, மிக முக்கியமான ஒன்றுக்கு வருவோம். திருமண மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு, பூத்தட்டோடு சிலர் நிற்கிறார்கள். வருகிற பெண்கள் எல்லாருக்கும் பூ கிடைக்கிறது. கணவரை இழந்த பெண் வரும்போது மட்டும் தட்டு சற்றே விலகுகிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிடுகிறது. சில இடங்களில் அவர் மணமகளின் தாயாகவே இருப்பார். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்க் கூலி வேலை செய்து மகளை வளர்த்தவர், மகளின் திருமண நாளில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கிறார். இதை நாம் எப்படி ஏற்றுக்கொள்வது?

பூ கணவரோடு வந்ததா? இல்லை. சிறு பிள்ளையாக இருந்தபோதே அவருடைய தாய் தலையில் வைத்துவிட்ட பூ அது. கணவரோடு வராதது கணவரோடு போக வேண்டியதும் இல்லை. நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு மனம் இரங்கியவர் இயேசு. காணிக்கைப் பெட்டியருகே ஏழைக் கைம்பெண்ணை எல்லாருக்கும் மேலாக உயர்த்திக் காட்டியவரும் அவரே. அவருடைய பெயரால் கூடுகிற நாம் அவர்களை ஒதுக்கலாமா?

பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களே என்ற தயக்கம் இருக்கலாம். யாரையும் சூடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். தட்டை மட்டும் விலக்காமல் நீட்டுவோம். சூடுவதோ, கையில் வைத்துக்கொள்வதோ, அருகில் இருக்கும் பேத்திக்கு வைத்துவிடுவதோ அவர் விருப்பம். அந்த விருப்பத்தை அவரிடமிருந்து பறிக்கும் உரிமை நமக்கு இல்லை.

எனவே அன்பர்களே, அடுத்த முறை பூ வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். பெறுகிறவருக்கு இது இதமாக இருக்குமா? நம் சக்திக்கு உட்பட்டதா? இதனால் யாராவது விடுபட்டுப் போகிறார்களா? வருகிற திருமணத்தில் மணமகளின் பக்கத்தில் கணவரை இழந்த ஒரு தாயோ, பாட்டியோ, அத்தையோ இருந்தால், தட்டிலுள்ள முதல் பூ அவர் கைக்குப் போகட்டும்.