பிறவிக் கண்புரை

தமிழ் மக்கள் தம் குழவியைக் 'கண்ணே' என்றும் 'கண்மணியே' என்றும் விளித்து மகிழ்வர். அக்கண்மணியிலேயே வெண்மை படர்ந்து ஒரு மகவு பிறக்குமாயின், பெற்றோர் செய்யத்தக்கது யாது? "புரை முற்றட்டும்; பிள்ளை வளரட்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பாரும் உளர். அக்கூற்று எத்துணைக் கேடு பயப்பதென்பதை ஈண்டு விளக்கப் புகுந்தனம்.

கண்ணின் கருமணிக்குப் பின்னே பளிங்கனைய வில்லையொன்று அமைந்துளது. புறத்தினின்று வரும் ஒளியைக் குவித்து விழித்திரையின்மீது விழச் செய்வது அதன் தொழில். அவ்வில்லை தெளிவிழந்து மங்குதலே கண்புரையாம். முதியோர்க்கு அது பெரும்பாலும் மூப்பினால் வருவது; குழவிகட்கோ தாய் வயிற்றிலிருக்கும்போதே உண்டாதலுண்டு. மரபுவழியாக இறங்குதலும், பாற்சர்க்கரையைப் பயன்படுத்தவியலாத உடற்குறையும், கருவுற்ற தாயைப் பற்றிய நோயும் அதற்குக் காரணங்களிற் சில. ஒரு கண்ணில் மாத்திரம் தோன்றும் புரைக்குப் பெரும்பாலும் காரணம் புலப்படுவதில்லை.

தாயின் நோயே காரணமாதலை 1941-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பார். புரையோடு பிறந்த குழவிகள் பலரின் தாயர், கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் மணல்வாரியால் வருந்தியவர் என்பதை அவர் ஆராய்ந்து கண்டார். இந்நோய்க்கு இப்போது தடுப்பூசி உண்டு. 2017 பெப்ருவரியில் இந்தியாவில் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, முதலில் அதனை மேற்கொண்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

இனி, காத்திருத்தல் தகாதென்பது என்னை? கண் ஒளியை வாங்கும் வாயிலேயன்றிக் காண்பது மூளையே. பிறந்த குழவியின் மூளை காணக் கற்றலை அப்போதுதான் தொடங்குகின்றது. தெளிந்த உருவம் வந்து எய்தாதாயின் அக்கல்வி நிகழாது. 1960-களில் ஹியூபெல், வீசெல் என்னும் அறிஞரிருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையிற் சில திங்கள் மூடிவைத்துப் பின் திறந்து பார்த்தனர். கண் பழுதின்றியிருந்தும் அதனாற் பார்வை பெறல் அரிதாயிற்று. வளர்ந்த பூனைக்கோ அங்ஙனம் மூடியதால் அக்கேடு விளையவில்லை. இவ்வாராய்ச்சியாளர் 1981-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். காலங் கடந்து புரையை நீக்கினும் கண் 'சோம்பற்கண்' ஆகி நிற்பதன் காரணம் இதுவே.

ஆதலின், பார்வையை மறைக்கும் அடர்ந்த புரை ஒரு கண்ணிலிருப்பின் ஏறக்குறைய 6 வாரத்திற்குள்ளும், இரு கண்ணிலுமிருப்பின் ஏறக்குறைய 8 வாரத்திற்குள்ளும் சிகிச்சை செய்தல் நலமென்பர். பிறந்து 4 வாரத்திற்கு முன் செய்யின், பின்னர்க் கண் அழுத்த நோய் வரும் அச்சம் மிகுதியாகும். சிறு புரையாயின் அறுவையின்றிக் கண்காணித்தலே போதியதாதலும் உண்டு. குழவியின் வில்லை மென்மையானது. அது முற்ற வேண்டுவதேயில்லை. மயக்க மருந்து கொடுத்து, நுண்ணிய துளை வழியே மருத்துவர் அதனை உறிஞ்சி எடுத்துவிடுவர்.

அத்தோடு வேலை முடிந்ததென்று எண்ணற்க. வில்லையிழந்த கண்ணுக்குக் கனத்த மூக்குக்கண்ணாடியோ, கண்ணின்மேல் ஒட்டியிருக்கும் ஒட்டு வில்லையோ வேண்டும். ஒரு கண்ணிற் புரையுற்ற 114 குழவிகளை வைத்து அமெரிக்காவில் நிகழ்ந்த ஆராய்ச்சியில், அறுவையின்போதே செயற்கை வில்லை பதிக்கப்பெற்றோரும், ஒட்டு வில்லை அணிந்தோரும் ஐந்தாம் வயதில் ஏறக்குறைய ஒத்த பார்வையே பெற்றிருந்தனர். பதிக்கப்பெற்றோர்க்கோ மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது மிகுதி. ஒரு கண்ணில் மாத்திரம் புரையிருந்த பிள்ளைக்கு, நல்ல கண்ணை நாடோறும் சில மணி நேரம் மூடிவைத்து, மற்றதைப் பழக்கல் வேண்டும். பிள்ளை அழும், மூடியைப் பிய்த்தெறியும். ஆண்டுக்கணக்காக இதனைப் பொறுத்துச் செய்யும் தாயின் பணி, மருத்துவர் பணியினுஞ் சிறிதன்று.

கருமணியில் வெண்மை தோன்றல், மூன்று திங்களாகியும் தாய் முகத்தை நோக்காமை, விழிகள் ஓயாது அலைதல், மாறுகண் என்பன காணின் அன்றே மருத்துவரை நாடுக. கருமணியின் வெண்மை சில வேளை கண்ணிற் றோன்றும் புற்றுநோயின் குறியாதலும் உண்டு; ஆண்டு உயிருக்கே இடராம்.

காலந்தவறிய பிள்ளைகளையுங் கைவிடல் ஆகாது. பவன் சின்ஹா என்னும் அறிஞர் 2005-ஆம் ஆண்டளவில் இந்தியாவிற் றொடங்கிய 'பிரகாஷ்' என்னும் பணியினால், எட்டு வயது கடந்து சிகிச்சை பெற்றவருள்ளும் பலர், நிறைந்த பார்வையன்றெனினும் பயன்படும் பார்வை எய்தினர்.

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்திற் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர், அஃது எவர் பாவத்தால் வந்ததென்று வினவினர். அவ்வெண்ணத்தை நம் ஆண்டவர் ஏற்றாரல்லர். அவனுக்குப் பார்வையே அளித்தார். இன்றும் அவ்வினாவுக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டினுள் மறைத்துவைக்கும் தாயர் இலரல்லர். அவ்வாறு மறைத்த ஒவ்வொரு வாரமும் பார்வையிற் குறைகின்றது. கற்றறிந்த நாம் நம் அயலாரிடத்து இதனை எடுத்துரைப்போமாயின், ஒரு குழவியேனும் தன் தாய் முகத்தைத் தெளியக் காணும்.